எம்.பி.க்குக் கிடைத்த பத்து நிமிடம்

எங்கள் தொகுதிக்கு அப்படி ஒரு எம்.பி. இருந்தார் என்று சொன்னால், அவருக்கு வாக்குப் போட்டவர்களே நம்ப மாட்டார்கள். நான் நம்புவேன். ஏனென்றால் அவரை என்னுடைய காரில் ஏற்றிப் போனவன் நான். காரை அவரைக் கொண்டு தள்ளுவித்தவனும் நான்தான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாம் வகுப்புக்கு மேல் ஒத்துவரவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு சைக்கிள் கடையில் ரியூப்புக்குக் காற்றடிக்கச் சேர்ந்தேன். முப்பது வயதில் சந்தியில் சொந்தக் கராஜ் போட்டேன். தோட்டம் இறைக்கிற மெசின், உழவு மெசின், கார், லொறி, எது வந்தாலும் திருத்தி அனுப்புவேன். படித்த எஞ்சினியர்மார் கைவிட்ட மெசின்கள் என்னிடம் வந்து உயிர் பெற்றுப் போயிருக்கின்றன. அதற்குக் காரணம் என் கை இல்லை, காது. அரை மைலுக்கு அப்பால் ஒரு மெசின் தும்மினால், அது யாருடைய மெசின், பிளக்கில் கரியா, வால்வில் பிழையா என்று இருந்த இடத்திலிருந்தே சொல்வேன். மற்றவர்கள் கடிதம் வாசிப்பதுபோல நான் எஞ்சின் வாசிப்பேன். இந்தக் காது இந்தக் கதையில் ஒரு முக்கியமான வேலை செய்தது. அதனால்தான் சொல்லி வைக்கிறேன்.

எம்.பி. முதலில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். ஒல்லியான மனிதர். குரல் அதைவிட ஒல்லி. அவர் பேசினால் எங்கள் காதில்தான் ஏதோ பிழை என்று நினைத்து விரலை விட்டுக் குடைவோம். தேர்தலில் நிற்க வேண்டியவர் வேறு ஒருவர். அவருக்குக் கடைசி நேரத்தில் சுகமில்லாமல் போக, கையெழுத்து வைக்கத் தயாராகப் பக்கத்தில் நின்றவர் இவர். சுவர் முழுவதும் சின்னம் ஒட்டினார்கள், தலைவர்மாரின் படம் ஒட்டினார்கள். இவருடைய படம் ஒரு நோட்டீசிலும் வரவில்லை. சனம் சின்னத்தைப் பார்த்து வாக்குப் போட்டது. இவர் கொழும்புக்குப் போய்ப் பாராளுமன்றத்தில் கடைசி வாங்கில் உட்கார்ந்தார்.

அங்கே அவர் ஒரு தடவைகூடப் பேசவில்லை. பேச விருப்பமில்லாமல் இல்லை. அவருடைய முறை வருகிற நேரமெல்லாம் ஒரு மூத்தவர் எழும்பி அந்த நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடுவார். இவரிடம் ஒரேயொரு பேச்சுத்தான் இருந்தது. தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிக் கரையில் ஒரு சிறிய ஊர். அந்த ஊர் வயலுக்குள் உப்புத் தண்ணீர் ஏறாமல் மறிக்க ஒரு மதகு இருந்தது. அதன் கதவு இற்றுப்போய்விட்டது. ஒவ்வொரு வருடமும் உப்பு ஏறி நெல் கருகியது. அந்தக் கதவைப் புதிதாகப் போட்டுத் தரவேண்டும் என்பதுதான் பேச்சு. நாலு தாளில் ரைப் அடித்து வைத்திருந்தார். பெரியவர்களிடம் மன்றாடிக் கேட்டபோது, "வாற மாதம் உமக்குப் பத்து நிமிசம்" என்று சொன்னார்களாம்.

அந்த வாற மாதம் வரவில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நடந்ததை நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை. அதன் பிறகு எங்கள் பக்கத்து எம்.பி.மார், தனிநாட்டுக்கு எதிராக அரசாங்கம் கேட்ட சத்தியத்தைச் செய்ய மாட்டோம் என்று கதிரைகளை விட்டபோது இவரும் விட்டார். கதிரை போனதைப் பற்றி அவர் கவலைப்பட்டதை நான் ஒருநாளும் காணவில்லை. அந்தப் பத்து நிமிடம் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

காலையில் பேப்பர் பார்க்க என் கராஜுக்கு வருவார். சட்டைப் பையில் பொலித்தீனில் சுற்றிய அந்த நாலு தாளும் இருக்கும். ஒருநாள் நான் ஒரு இறைப்பு மெசினை முழு வேகத்தில் ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன். எம்.பி. பக்கத்தில் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தார். கையும் உயர்ந்து தாழ்ந்தது. என்னவோ கேட்கிறார் என்று மெசினை நிறுத்தினேன். அவரும் நிறுத்திவிட்டார்.

"என்ன ஐயா, ஏதும் சொன்னனியளோ?"

"இல்லைத் தம்பி. நீர் மெசினைப் போடும்."

மெசினைப் போட்டேன். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

இப்படி ஒன்பது வருடம் போனது. சண்டை மூண்டு, அரசாங்கம் தடை போட்டு, எங்களுக்குப் பெற்றோல் வராமல் போய், கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் வந்தது. யாழ்ப்பாணத்தில் முதன்முதல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவன் தான்தான் என்று பலர் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் முதல் நான் ஓட்டினேன். மண்ணெண்ணெயில் கார் ஓடும், ஆனால் தானாக எழும்பாது. எழுப்புவதற்குக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அதைக் குழந்தைப் பிள்ளைகளின் சூப்பிப் போத்தலில் வைத்திருந்து, காபரேற்றருக்குள் இரண்டு தரம் பீச்சினால் எஞ்சின் பிடிக்கும். பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். வழியில் நின்றால் பிறகும் சூப்பி கொடுக்க வேண்டும். என்னுடைய பழைய ஏ-40 அந்த நாட்களில் சூப்பி குடித்து வளர்ந்த கார்.

ஒருநாள் எம்.பி. ஒரு அழைப்பிதழோடு வந்தார். அந்த மதகு இருக்கிற அதே ஊரின் வாசிகசாலை ஆண்டு விழா. பிரதம விருந்தினர்: முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர். பெரிய ஆட்கள் எல்லாரும் கொழும்பிலும் மெட்ராசிலும் கனடாவிலும் இருந்தார்கள். மிச்சமாக இருந்தவர் இவர்தான். ஆனாலும் அவர் அந்தக் காகிதத்தையும் பொலித்தீனில் சுற்றித்தான் கொண்டுவந்தார்.

"தம்பி, பிரதம விருந்தினர் உரை எண்டு போட்டிருக்கு. பத்து நிமிசம்."

"அப்ப உந்த நாலு தாளும்?"

"அதுதான். அந்த ஊரிலையே. அந்தச் சனத்துக்கு முன்னாலையே." அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "ஒருக்காப் பேசிப்போட்டனெண்டால் எனக்குப் பிறகு ஒண்டும் வேண்டாம்."

பிரதம விருந்தினர் சைக்கிளில் போய் இறங்க முடியாது. வளைவு கட்டி, நிறைகுடம் வைத்து, நாதஸ்வரத்தோடு நிற்கிறவர்களுக்கு முன்னால் காரில்தான் போய் இறங்க வேண்டும். அது எங்கள் பக்கத்து முறை. அவரிடம் கார் இல்லை. என்னிடம் இருந்தது. "நான் கொண்டுபோய் விடுறன் ஐயா" என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

விழா அன்று பின்னேரம் அவர் வெள்ளை வேட்டி, அரசியல்வாதிகள் போடுகிற நஷனல் சேட், கரை போட்ட சால்வையோடு வந்தார். நானும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்தான். ஸ்பனர் பிடிக்கிறவன் எங்கேயும் எண்ணெய்ச் சீலையோடுதான் போக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அத்துடன் எனக்கு அந்த நாளில் நல்ல உடம்பு வாகு. கழுத்தில் சங்கிலியும் இருந்தது. இதையும் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

பாதி வழியில் மருத்துவிச்சி அம்மா ஒருவர் தன்னுடைய மொபெட்டோடு றோட்டில் நின்று கையைக் காட்டினார்.

"அண்ணை, ரெண்டு துளி பெற்றோல் தாங்கோ. அங்கை ஒருத்திக்கு நோக் கண்டிட்டுது, இது கிடந்து அடம்பிடிக்குது."

நான் சூப்பிப் போத்தலை எடுத்து, இரண்டு துளி விடுவோம் என்று அளந்து பார்த்துக்கொண்டு நிற்க, பின்சீற்றிலிருந்து எம்.பி. சொன்னார்: "முழுக்கக் குடும் தம்பி."

"ஐயா, இடையிலை கார் நிண்டால்?"

"ஒரு உயிர் பூமிக்கு வரப்போகுது. நாங்கள் என்ன அவசரமாய்ப் போறம்? நான் ஒன்பது வருசம் பொறுத்தனான்."

கொடுத்தேன். மருத்துவிச்சி அம்மா பறந்தார்.

அந்த ஊருக்கு அரை மைல் கிடக்க, றோட்டுக்குக் குறுக்கே ஆடுகள் வந்தன. நான் எம்.பி.க்கு என்னுடைய காரின் பிறேக் எப்படிப் பிடிக்கும் என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்த நேரம். பிறேக் நன்றாகத்தான் பிடித்தது. எஞ்சின் நின்றுவிட்டது. சூப்பியில் ஒரு சொட்டும் இல்லை.

"எஞ்சின் சூடாக் கிடக்கு ஐயா. ஆறமுதல் தள்ளினால் பிடிக்கும்" என்றேன். "ஒருத்தர் ஸ்ரேறிங்கிலை இருக்கவேணும். ஒருத்தர் தள்ளவேணும்."

"எனக்குக் கார் ஓடத் தெரியாதே."

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

அவருக்கு விளங்கிவிட்டது. இறங்கினார். வேர்வை பட்டால் நஷனல் பழுதாகிவிடும் என்று அதைக் கழற்றி, சங்கக்கடையில் புடவை மடிப்பதுபோல ஒழுங்காக மடித்து முன்சீற்றில் வைத்தார். சால்வையை அதற்கு மேல் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு காருக்குப் பின்னால் போனார். நாலு தாளும் நஷனல் பையில் இருந்தன.

ஒல்லி மனிதர் என்று நினைத்தேன். தள்ளினார் பாருங்கள் ஒரு தள்ளு! பத்து யார் தூரம் போகமுதல் எஞ்சின் பிடித்தது. குழாயால் கன்னங்கரேலென்று மண்ணெண்ணெய்ப் புகை வந்தது. அவர் அந்தப் புகைக்குள் மறைந்துபோனார்.

"தம்பி, நிப்பாட்டும்! நான் ஏறவேணும்!"

"நிப்பாட்டினால் பிறகும் தள்ளவேணும் ஐயா! ஓடியாங்கோ, கிட்டத்தான்!"

மெதுவாகத்தான் விட்டேன். ஆனால் ஏ-40க்கு அதைவிட மெதுவாக ஓடினால் மூச்சு அடைக்கும். கதவுக் கண்ணாடி இல்லாத பக்கத்தால் காற்று அடித்து சால்வையைத் தூக்கியது. அது றோட்டில் விழுந்தால் எம்.பி.யின் மரியாதை என்ன ஆவது? எட்டிப் பிடித்து என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் அதுதான் புத்தியான வேலை.

வளைவு தெரிந்தது. வாழை, தோரணம், நிறைகுடம், ஒரு நாதஸ்வரம், ஒரு தவில். காரைக் கண்டதும் தவில்காரர் அடித்த அடியில் என் எஞ்சின் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. வாசிகசாலைச் செயலாளர் நெஞ்சில் ஒரு பெரிய பட்ஜோடு ஓடிவந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். எம்.பி.யைக் கண்ணால் கண்டிராதவர். கதவைத் திறந்தார், மாலையைத் தூக்கி என் கழுத்தில் போட்டார்.

"நான் இல்லைத் தம்பி!" என்று கத்தினேன். "எம்.பி. பின்னாலை ஓடி வாறார்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புகைக்குள் இருந்து வெறும் மேலோடு, முகமெல்லாம் கரியோடு, இளைத்து இளைத்து ஒருவர் ஓடிவந்தார். செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஐயாவுக்கு நல்ல பகிடி! பெற்றோல் இல்லாத காலத்திலை தானே கார் ஓடிக்கொண்டு வாறார் பாருங்கோ. எளிமையான மனுசன்!"

வாயில் சுருட்டோடு ஒரு வயதான கமக்காரர் முன்னுக்கு நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் உவருக்குத்தான் வோட்டுப் போட்டனான்" என்றார். "அப்ப ஒல்லியெண்டு சொன்னாங்கள். பாளிமேந்துச் சாப்பாடு நல்ல சாப்பாடுதான்."

மற்றவர்கள் என்னைத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் போனார்கள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எம்.பி. ஏதோ சொல்லத்தான் செய்தார். தவிலுக்கு முன்னால் அந்தக் குரல் எம்மாத்திரம்? செயலாளர் ஒருவரைக் கூப்பிட்டு, "கார் தள்ளிக்கொண்டு வந்த ஐயாவை அடுப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி குடுங்கோ, பாவம்" என்று சொன்னது மட்டும் கேட்டது. எங்கள் எம்.பி. யார் கூட்டிக்கொண்டு போனாலும் போகிறவர். போய்விட்டார்.

உண்மையைச் சொல்வதானால், மேடை எனக்குப் பிடித்திருந்தது. சந்தனம், குங்குமம், நடுக் கதிரை. மூன்றாம் வகுப்பில் என்னை வாங்கில் ஏற்றி நிறுத்திய வாத்தியார் அதைக் கண்டிருக்க வேண்டும். ஆனால் அந்த நாலு தாளும் என் நெஞ்சில் முள்ளாகக் குத்தின. இன்றைக்கு அவர் பேசாவிட்டால் இனி எங்கே பேசப்போகிறார்?

செயலாளர் வரவேற்புரை நிகழ்த்தினார். "பாராளுமன்றத்திலே சிங்கமென முழங்கியவர்! இவர் எழுந்தால் எதிரணி நடுங்கும்!" அந்த நேரத்தில்தான் எம்.பி.யைக் கண்டேன். கிணற்றடியில் முகம் கழுவி, காரில் இருந்து நஷனலை எடுத்துப் போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். சிங்கம் என்றதும் அவருக்குப் புரைக்கேறியது. நான் கையால் வா வா என்று கூப்பிட்டேன். சனம் தங்களுக்குக் கை காட்டுகிறேன் என்று நினைத்துக் கைதட்டியது. அவர் கையால் இருக்கட்டும் இருக்கட்டும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. இப்படி இருக்கட்டும் இருக்கட்டும் என்றுதானே அங்கேயும் கடைசி வாங்கில் இருந்தார்!

பிரதம விருந்தினர் உரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். கரண்ட் இல்லாத காலம்; அது ஒரு லைற் எஞ்சினில் ஓடிய மைக். எஞ்சினில் எண்ணெய் காணாது என்று சத்தத்திலேயே தெரிந்தது.

"உங்கடை லைற் எஞ்சினுக்கு ஒயில் விடுங்கோ" என்று தொடங்கினேன். பெரிய கைதட்டல். "இப்ப உண்மையைச் சொல்லுறன், ஆரும் சிரிக்கக் கூடாது. நான் எம்.பி. இல்லை."

"ஓம்! பதவியைத் தூக்கி எறிஞ்ச மனுசன்!" என்று முன்வரிசையில் இருந்து சுருட்டுக்காரர் கத்தினார். இன்னும் பெரிய கைதட்டல்.

"ஐயோ, அதில்லை! நான் கராஜ் வைச்சிருக்கிறவன்! எம்.பி. அந்தா, கடைசி வாங்கிலை, தேத்தண்ணிக் கோப்பையோடை இருக்கிறார்! நீங்கள் அடுப்படிக்கு அனுப்பின ஆள்தான் எம்.பி.!"

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலையும் பின்னுக்குத் திரும்பியது. எம்.பி. கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். செயலாளரின் முகம் செத்துப்போயிற்று.

அந்த நேரம் என் காதில் விழுந்தது.

"பிளேன் வருது" என்றேன் மைக்கில். "கிழக்காலை. பொம்மர்."

"எங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லையே?" என்றார் செயலாளர்.

"உங்களுக்குக் கேக்கிற நேரம் அது தலைக்கு மேலை நிக்கும். ஓடுங்கோ!"

ஓடினார்கள். வாசிகசாலைக்குப் பின்னால் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர் ஒன்று இருந்தது. பதினைந்து பேருக்கு வெட்டியது. அதற்குள் நாற்பது பேர் இறங்கினோம். மிச்சப்பேர் மற்றப் பங்கருக்கு ஓடினார்கள். உள்ளே கும்மிருட்டு. ஒருவர் மூச்சு விட்டால்தான் மற்றவர் மூச்சு இழுக்கலாம். என் மாலை ஒரு பக்கம், தவில்காரரின் தவில் ஒரு பக்கம். என் நெஞ்சுக்கு நேரே சுருட்டுக்காரர். அவருக்கு அங்கால் செயலாளர். செயலாளருக்கும் சுவருக்கும் நடுவில் எங்கள் எம்.பி.

பொம்மர் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு செயலாளரின் குரல் அழுவதுபோல வந்தது.

"ஐயா, நீங்களெண்டு எங்களுக்குத் தெரியாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவாயில்லைத் தம்பி. ஒருத்தருக்கும் தெரியாது." எம்.பி.யின் ஒல்லிக் குரல் அந்தப் பங்கருக்குள் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. முதல் தடவையாக அவருக்கு ஏற்ற மண்டபம் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். "தம்பி, எனக்கொரு பத்து நிமிசம் தருவியளோ? இஞ்சையே பேசிவிடுறன்."

"இதுக்குள்ளையோ?"

"ஒருத்தரும் வெளியிலை போகேலாதுதானே" என்றார் எம்.பி.

இப்படி ஒரு புத்திசாலி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கையைத் தூக்கிப் பையில் இருந்த தாளை எடுக்க இடமில்லை. எடுத்தாலும் இருட்டில் வாசிக்க முடியாது. அவருக்குத் தாள் தேவைப்படவில்லை. தொண்டையைச் செருமினார்.

"கௌரவ சபாநாயகர் அவர்களே!"

"ஆர் உதிலை சபாநாயகர்?" என்றார் சுருட்டுக்காரர்.

"மாலை போட்டிருக்கிறவர்தான்" என்றது இருட்டில் ஒரு பெண் குரல்.

சரி, என்னைச் சபாநாயகர் ஆக்கிவிட்டார்கள். என் கைக்கடிகாரம் இருட்டில் பச்சையாக ஒளிர்கிற கடிகாரம். அதை மூக்குக்கு நேரே கொண்டுவந்து, "உறுப்பினர் பேசலாம். பத்து நிமிசம்" என்றேன்.

"கௌரவ சபாநாயகர் அவர்களே, எனது தொகுதியின் வடபால் அமைந்த நீரேரிக் கரையிலே, உவர்நீர் உட்புகுதலைத் தடுக்கும் பொருட்டு முன்னோர் அமைத்த மதகொன்று உளது. அதன் கதவு இற்று வீழ்ந்துள்ளது. ஆண்டுதோறும் கமக்காரர் கண்ணெதிரே பயிர் கருகுகிறது."

"ஓம், கருகினதுதான்" என்றார் சுருட்டுக்காரர். "ஆனால் எம்.பி., உந்தக் கதவு..."

"குறுக்கீடு வேண்டாம். பதில் கடைசியிலை" என்றார் எம்.பி. பாளிமேந்தில் ஒரு சொல் பேசாதவர், அங்கே நடந்த அத்தனை முறையையும் கவனித்து வைத்திருக்கிறார்!

மூன்றாவது நிமிடம். என் காது சொன்னது: பொம்மர் போகிறது. வடக்கே திரும்பிக் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. குண்டு போடவில்லை. சத்தம் மெலிந்து மெலிந்து நூல் போல் ஆகி அறுந்தது. போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் நாற்பது பேரும் வெளியே பாய்வார்கள். எம்.பி.யின் பேச்சு இன்னும் மதகின் மழைக்காலக் கதையைத் தாண்டவில்லை.

"பிளேன் போயிட்டுதோ?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லை" என்றேன். "மேலை சுத்திக்கொண்டு நிக்குது."

எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். பிளேனை முதலில் கேட்டவன் நான்தானே. என் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. சுருட்டுக்காரர் மட்டும் என் காதருகில் கிசுகிசுத்தார்.

"மோனை, எனக்கும் காது கேக்கும். அது போயிட்டுது."

"போகேல்லை. எஞ்சினைத் தாழ்த்தி வைச்சுக்கொண்டு நிக்கிறான்."

"வானத்திலை தாழ்த்தி வைச்சுக்கொண்டு நிக்கலாமோ?"

"பிளேனைப் பற்றி உமக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியுமோ?" என்று அவருடைய காலை மிதித்தேன். அவர் விஷயம் விளங்கிய மனிதர். "ஓமோம், நிக்குது நிக்குது, எனக்கும் இரையுது" என்று சத்தமாகச் சொன்னார்.

நாலாவது தாள் முடிந்தது. என் கடிகாரத்தில் பத்து நிமிடத்துக்கு இருபது விநாடி கிடந்தது. "ஆகவே இம்மதகுக்குப் புதிய கதவொன்றை அமைத்துத் தருமாறு இச்சபையை வேண்டி அமர்கிறேன்" என்றார். அமர இடமில்லை. நின்றார்.

"இப்ப பதில் சொல்லலாமோ?" என்றார் சுருட்டுக்காரர்.

"உறுப்பினர் சொல்லலாம்" என்றேன் நான்.

"எம்.பி., அந்தக் கதவை நாங்கள் மூண்டு வருசத்துக்கு முதலே போட்டிட்டம். பனம்பலகை அறுத்து, இரும்புப் பட்டம் அடிச்சு, ஊர் சேர்ந்து போட்டது. இப்ப உப்பு ஏறுறேல்லை."

ஒன்பது வருடம் பொத்தி வைத்த பேச்சை ஒரு பலகை விழுத்திவிட்டதே என்று நினைத்தேன்.

"போட்டாச்சோ?" என்றார் எம்.பி.

"போட்டாச்சு."

"ஒழுகுதோ?"

"ஒரு சொட்டு இல்லை."

"அப்ப," அவருடைய குரலில் நான் ஒருநாளும் கேளாத ஒரு தடிப்பு வந்தது, "அப்ப பிரேரணை நிறைவேறியிட்டுது! கௌரவ சபாநாயகர் அவர்களே, வாக்கெடுப்பு நடத்துங்கோ!"

"ஆதரவான ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றேன்.

"கையைத் தூக்க இடமெங்கை?" என்று பெண் குரல் ஏசியது. "வாயாலை சொல்லுறம்!"

"ஓம்!" என்றார்கள் நாற்பது பேரும். பனங்குற்றிக்கு மேலிருந்து மண் கொட்டியது. பக்கத்துப் பங்கரில் இருந்தவர்கள் குண்டு விழுந்துவிட்டது என்று நினைத்தார்களாம்.

"பிளேன் போயிட்டுது" என்றேன். எல்லாரும் வெளியே வந்தோம்.

செயலாளர் எம்.பி.யின் கையைப் பிடித்துக்கொண்டு, மேடைக்கு வந்து மைக்கில் திரும்பப் பேசச் சொல்லிக் கெஞ்சினார். எம்.பி. மறுத்துவிட்டார். "பேசியாச்சுத் தம்பி. ஒரு பேச்சை ரெண்டு தரம் பேசிறது சபைக்கு முறையில்லை." நான் மாலையையும் சால்வையையும் கழற்றி அவருக்குப் போட்டேன். பாதிப் பூ பங்கருக்குள் போயிருந்தது. மதகைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அவர் அந்தப் பனங்கதவில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. என் காரைவிடப் பாரம் என்றார்.

யாரோ பொத்தி வைத்திருந்த இரண்டு துளி பெற்றோலைப் பீச்சியதும், ஊரே சேர்ந்து காரைத் தள்ளிவிட்டது. இந்த முறை எம்.பி. பின்சீற்றில், சால்வையோடு, மாலையோடு. கொஞ்சத் தூரம் வந்தோம். பிறகு கேட்டார்:

"தம்பி, பிளேன் எப்ப போனது?"

"நீங்கள் முடிக்கவும் அது போகவும் சரி ஐயா."

"மூண்டாவது நிமிசத்திலை போனது. நான் கேட்டனான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப ஏன் நிப்பாட்டேல்லை?"

"சபாநாயகர் நேரம் தந்திருக்கிறார். உறுப்பினர் என்னெண்டு நிப்பாட்டிறது?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தால் முன்னுக்கு அதே ஆடுகள். பிறேக் அன்றைக்கு இரண்டாவது தடவையும் நன்றாகத்தான் பிடித்தது.

எம்.பி. நஷனல் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"விடுங்கோ ஐயா" என்றேன். "முன்னுக்கு வாங்கோ. இடது காலாலை இந்தக் கிளச்சை மிதிச்சுக்கொண்டு ஸ்ரேறிங்கை நேரே பிடியுங்கோ. நான் கத்தினவுடனை காலை எடுங்கோ. அவ்வளவுதான்."

தள்ளினேன். கத்தினேன். அவர் காலை எடுத்தார். எஞ்சின் பிடித்தது. எப்படி நிறுத்துவது என்று அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தாலும் அவர் நிறுத்தியிருப்பாரோ தெரியாது. மாலைப் பூ கண்ணாடி இல்லாத கதவால் பறக்க, எங்கள் எம்.பி. நேரே போய்க்கொண்டே இருந்தார். என் காருக்குப் பின்னால் நான் ஓடியது என் வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான். புகைக்குள் ஓடினேன். ஆனால் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் அவர் "தம்பி, ஓடியாரும், கிட்டத்தான்!" என்று கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது.